ரிப்போர்ட்டில் ஹெர்2 என்று போட்டிருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேத்தாலஜி லேபில் இருப்பவர்களை நோயாளிகள் நேரில் பார்ப்பது அபூர்வம். ஆனால் ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு, "இந்த ஹெர்2ன்னா என்னங்க?" என்று கேட்பவர்கள் தினமும் இருக்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் மகளோ, மகனோ, கணவரோ. மார்பகக் கட்டிகளின் ஸ்லைடுகளைப் பார்த்து அந்த வரியை எழுதுகிறவள் நான். கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே விரிவாகச் சொல்கிறேன். சிகிச்சையை உங்கள் புற்றுநோய் டாக்டர்தான் முடிவு செய்வார். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

ஹெர்2 என்பது என்ன?

நம் செல்களின் மேற்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். நோயின் பெயரும் இல்லை, கிருமியும் இல்லை. உங்களிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது.

1255 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட இழை அது. சவ்வுக்கு வெளியே ஒரு பெரிய தலை, சவ்வைத் துளைத்துக்கொண்டு ஒரு சிறு தண்டு, செல்லுக்குள் ஒரு வால். வெளியிலிருந்து "வளரு", "பிரி" என்று வரும் செய்திகளை வாங்கி உள்ளே சேர்ப்பதுதான் இந்த வகைப் புரதங்களின் வேலை. அதனால் இவற்றை ஏற்பிகள் என்கிறோம். ஹெர்1, ஹெர்2, ஹெர்3, ஹெர்4 என்று இந்தக் குடும்பத்தில் நான்கு பேர்.

இவை தனியாக நின்று எதுவும் செய்வதில்லை. கோலாட்டத்தில் எதிரே இன்னொரு கோல் வந்து தட்டினால்தானே தாளம் பிறக்கும், அதுபோல இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர வேண்டும். மற்ற மூன்றும் தமக்குரிய செய்தி வந்து ஒட்டிய பிறகுதான் கையை நீட்டும். ஹெர்2வுக்கென்று தனியாக ஒரு செய்தி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அது எப்போதும் கையை நீட்டியபடியே நிற்கிறது. ஹெர்3 இதற்கு நேர்மாறு. செய்தியைப் பிடிக்கும், ஆனால் உள்ளே கடத்தும் தெம்பு அதற்கு மிகக் குறைவு. இந்த இரண்டும் சேரும்போது நான்கு பேரிலும் பலமான ஜோடி உருவாகிறது.

நல்ல உடம்பில் அதற்கு என்ன வேலை?

இந்தக் கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை. ஆனால் இதற்குப் பதில் தெரிந்தால்தான் மருந்தின் பக்க விளைவுகள் புரியும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1995இல் ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் ஹெர்2 மரபணுவை முழுவதுமாக நீக்கிப் பார்த்தார்கள். ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. எலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 20 நாள். இந்தக் கருக்கள் பாதி வழியிலேயே, 11ஆம் நாள் வாக்கில் இறந்துபோயின. திறந்து பார்த்தபோது இதய அறையின் உள்சுவர் மழமழவென்று இருந்தது. சாதாரணமாக அங்கே விரல் விரலாகத் தசைக்கொடிகள் முளைத்து ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும். அந்தத் தசைக்கொடிகள் உருவாவதற்கு, இதயத்தின் உள்ளுறைச் செல்கள் அனுப்பும் செய்தியைத் தசைச் செல்கள் ஹெர்2 வழியாக வாங்கியாக வேண்டும்.

பிறகு 2002இல், மற்ற இடங்களில் விட்டுவிட்டு இதயத்தசையில் மட்டும் ஹெர்2வை நீக்கினார்கள். குட்டிகள் பிறந்தன. ஆனால் வளர்ந்த பிறகு இதயம் பெருத்து, அதன் அழுத்தும் சக்தி குறைந்தது. ஆக, இதயத்தை உருவாக்குவதோடு ஹெர்2வின் வேலை முடிந்துவிடவில்லை. உருவான இதயம் தினசரி சுமையைத் தாங்கவும் அது வேண்டியிருக்கிறது.

நரம்புகளிலும் அதற்கு வேலை உண்டு. கரண்ட் வயருக்கு ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. அதைச் சுற்றிக் கொடுக்கும் ஷ்வான் செல்கள் வளர்வதற்கு ஹெர்2–ஹெர்3 ஜோடி தேவை. மார்பகத்தின் பால் நாளங்கள், குடலின் உட்படலம், தோல், கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகம் என்று இன்னும் பல இடங்களில் இது கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது.

அப்படிப்பட்ட புரதம் எப்படிப் புற்றுநோயில் வந்து சேர்ந்தது?

எண்ணிக்கை கெட்டுப்போவதால்.

ஹெர்2வைச் செய்யும் மரபணு 17ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என ஒரு செல்லில் இரண்டு பிரதிகள். மார்பகச் செல் ஒன்றில் பிழை நேர்ந்து, அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்பட்டு, பத்து, இருபது என்று பெருகிவிடுவதுண்டு. மரபணு பெருகினால் புரதமும் பெருகும். சாதாரணச் செல்லின் மேல் சில பத்தாயிரங்களில் இருக்க வேண்டிய ஹெர்2, இந்தச் செல்லின் மேல் 20 லட்சம் வரைகூடப் போகும்.

கோலாட்டக் களத்தில் பத்துப் பேர் இருந்தால் பாட்டுக்கு ஏற்பத் தட்டுவார்கள். அதே இடத்தில் ஆயிரம் பேர் நெருக்கியடித்தால் பாட்டே இல்லாமல் கோல்கள் தாமாக இடித்துக்கொள்ளும். இங்கேயும் அதுதான் நடக்கிறது. வெளியிலிருந்து எந்தச் செய்தியும் வராமலே ஹெர்2கள் தமக்குள் ஜோடி சேர்ந்து, "பிரி, பிரி" என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் புரதத்தின் உருவம் மாறுவதில்லை. இதயத்தைக் கட்டிய அதே புரதம்தான். அளவு மீறியதுதான் நோய்.

ரிப்போர்ட்டில் 'ஹெர்2/நியூ' என்றும், இன்னொன்றில் 'சி-எர்ப்பி2' என்றும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறா?

ஒன்றேதான். கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றில் ஒட்டிக்கொண்ட பெயர்கள் இவை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வகம் எலிகளின் நரம்புக் கட்டியிலிருந்து ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்து 'நியூ' என்று பெயர் வைத்தது. கோழிகளுக்கு ரத்தப் புற்றுநோய் தரும் ஒரு வைரஸில் முன்பே தெரிந்திருந்த மரபணுவின் உறவு என்பதால் 'எர்ப்பி2'. 1985இல் ஜெனன்டெக் நிறுவனத்தில் ஆக்சல் உல்ரிச்சின் குழு மனித மரபணுவைப் பிரித்து 'ஹெர்2' என்றது.

இதை நோயாளிகளோடு சேர்த்துப் பார்த்தவர் கலிஃபோர்னியாவின் டென்னிஸ் ஸ்லாமன். 1987இல் அவருடைய குழு 189 மார்பகக் கட்டிகளைச் சோதித்தது. சுமார் 30 சதவீதத்தில் மரபணு பெருகியிருந்தது. அந்தப் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. இன்று எல்லா மார்பகப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் ஹெர்2 பாசிட்டிவ், அதாவது ஹெர்2 இப்படி அளவு மீறியவை, 15 முதல் 20 சதவீதம் என்பதே பொதுவான கணக்கு.

3+ என்று போட்டிருக்கிறது. மூன்றாம் ஸ்டேஜ் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. கவுண்டரில் நான் அதிகம் திருத்துவது இந்தத் தவறைத்தான். ஒரு முறை ஒரு பெரியவர் '3+' என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவிக்கு இருந்தது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த கட்டி, அக்குள் நெறிக்கட்டிகளுக்கும் பரவவில்லை.

ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரிது, எங்கெங்கே பரவியிருக்கிறது என்பது. 0, 1+, 2+, 3+ என்பது ஸ்லைடில் ஹெர்2 எவ்வளவு அடர்த்தியாகத் தெரிகிறது என்பது. முதல் ஸ்டேஜ் கட்டியும் 3+ ஆக இருக்கலாம், நான்காம் ஸ்டேஜ் கட்டி 0வாகவும் இருக்கலாம்.

அந்த எண்ணை எப்படிப் போடுகிறீர்கள்?

பயாப்சியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனுக்குச் சீவுவோம். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதன் மேல் ஹெர்2வை மட்டும் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்பொருளை விட்டு, அது ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் வரும்படி சாயமேற்றுவோம். இந்தச் சோதனைக்கு ஐஎச்சி என்று பெயர்.

மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் நான் நேரே கட்டியைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல பால் நாளங்களைத்தான் முதலில் பார்ப்பேன். அவையும் கரும்பழுப்பாக இருந்தால் சாயம் தப்பு. ஸ்லைடைத் திரும்பப் போடச் சொல்லிவிடுவேன். அவை வெளிறி இருந்தால்தான் கட்டிக்குப் போவது. 3+ என்றால் சந்தேகமே வராது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் முழு வளையமாகக் கரும்பழுப்புக் கோடு, நடுவில் நீல உட்கரு. பக்கத்துப் பக்கத்துச் செல்களின் வளையங்கள் சேர்ந்து கோழிவலை விரித்ததுபோல இருக்கும். இது பத்து சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டிச் செல்களில் இருக்க வேண்டும். 1+ என்றால் அங்கங்கே அரை வளையம், பென்சிலால் லேசாக இழுத்து விட்டதுபோல. லென்ஸின் பெருக்கத்தைக் கூட்டினால்தான் கண்ணுக்கே படும். இடைப்பட்டது 2+.

2+ வந்தால் ஏன் இன்னொரு டெஸ்டுக்கு அனுப்புகிறார்கள்?

2+ஐ வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் புரதத்தை விட்டுவிட்டு மரபணுவையே எண்ணிவிடுகிறோம். இது ஃபிஷ் சோதனை. இருட்டறையில், ஒளிரும் சாயத்தோடு, ஒவ்வொரு உட்கருவிலும் ஹெர்2 மரபணுவுக்கு ஒரு நிறப் புள்ளி, 17ஆம் குரோமோசோமின் நடுப்பகுதிக்கு இன்னொரு நிறப் புள்ளி என்று தெரியும். குறைந்தது 20 செல்களில் எண்ணுவோம். ஹெர்2 புள்ளிகள் மற்றதைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்து, ஒரு செல்லுக்குச் சராசரி நான்குக்குக் குறையாமலும் இருந்தால் பாசிட்டிவ்.

ரிசல்ட் வரச் சில நாள் ஆகலாம், செலவும் கூடுதல். "2+தானே, விட்டுவிடலாம்" என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பல மாதச் சிகிச்சை அந்த ஒரு எண்ணைப் பொறுத்திருக்கிறது.

ரிசல்ட் தப்பாக வர வாய்ப்பு உண்டா?

உண்டு. பல சமயம் தவறு லேபுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

உடம்பிலிருந்து வெட்டியெடுத்த நிமிடத்திலிருந்து சதை கெட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் அது ஃபார்மலின் என்ற, சதையைக் கெடாமல் வைக்கும் திரவத்துக்குள் போக வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் ஊற வேண்டும். சதையின் அளவைப்போலப் பத்து மடங்காவது ஃபார்மலின் வேண்டும். பெரிய கட்டியாக இருந்தால் நடுவில் கீறித் திறந்து வைக்க வேண்டும், ஏனென்றால் ஃபார்மலின் உள்ளே ஊறுவது மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து எங்களுக்கு ஒரு டப்பா வந்தது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். முழு மார்பகத்தையும் ஊறுகாய் ஜாடிபோன்ற ஒரு டப்பாவில் திணித்து, மேலே ஒரு விரல் கடைக்குத்தான் ஃபார்மலின் ஊற்றியிருந்தார்கள். வெட்டியபோது வெளியே ஒரு வட்டம் மட்டும் பதமாகியிருந்தது, நடுவில் கட்டி குழைந்து கிடந்தது. அந்தச் சதையில் ஹெர்2 பார்த்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. நல்லவேளையாக அந்த அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன் ஊசியில் எடுத்த சிறு பயாப்சி பத்திரமாக இருந்தது. அதில் பார்த்தோம், 3+ வந்தது. அது இல்லாமல் போயிருந்தால் அவருக்குக் கிடைக்க வேண்டிய மருந்து கிடைத்திருக்குமா என்று நினைக்க இன்றும் எனக்குப் பதறுகிறது.

அதனால் நீங்கள் கேட்கலாம், கேட்பதில் தப்பே இல்லை: "சதையை உடனே ஃபார்மலினில் போட்டுவிட்டீர்களா? எத்தனை மணிக்கு?" சாம்பிளை உங்கள் கையில் கொடுத்து லேபுக்கு எடுத்துப் போகச் சொன்னால், வீட்டில் வைத்து மறுநாள் போகலாம் என்று இருக்காதீர்கள்.

பாசிட்டிவ் என்றால் மோசமான வகை என்று சொல்கிறார்களே?

ஒரு காலத்தில் உண்மை. ஸ்லாமனின் 1987 ஆய்வு சொன்னதே அதுதான். 1998இல் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹெர்செப்டின் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். முதலில் பரவிய நோய்க்கு மட்டும் கொடுத்தார்கள். ஆரம்ப நிலை நோயிலும் ஆபரேஷனுக்குப் பின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளின் முடிவு 2005இல் வந்தது. நோய் திரும்பி வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதோடு கதையே மாறிவிட்டது.

கட்டி வேகமாக வளரும் குணம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது எதைப் பிடித்துக்கொண்டு வளர்கிறதோ, அது செல்லுக்கு வெளியே, மருந்து எட்டித் தொடும் இடத்தில் நிற்கிறது. பல பேருக்கு ஆபரேஷனுக்கு முன்பே மருந்து கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்தவர்களின் சதை லேபுக்கு வரும்போது, கட்டி இருந்த இடத்தில் தழும்பு மட்டும் இருந்து ஒரு புற்றுச் செல்லைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். என் வேலையில் அதைவிட நல்ல நாள் கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெர்2 பாசிட்டிவ் நோய் பரவினால் மூளைக்குப் போகும் வாய்ப்பு மற்ற வகைகளைவிடக் கூடுதல். விடாத தலைவலி, புதிதாக வலிப்பு, பார்வை மங்குதல் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம்.

மருந்து அப்படி என்ன செய்கிறது?

நான் ஸ்லைடில் ஊற்றும் எதிர்ப்பொருளும் ரத்தத்தில் ஏற்றும் டிராஸ்டுசுமாப்பும் ஒரே வகையறாதான். அதுவும் ஹெர்2வின் வெளித்தலையில் போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் உள்ளே போகும் சமிக்ஞை தடைப்படுகிறது. கூடவே, "இந்தச் செல்லைக் கவனி" என்று நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக் கொடுக்கிறது.

பெர்டுசுமாப் அதே தலையில் வேறொரு இடத்தில் ஒட்டி, ஹெர்3யோடு ஜோடி சேர விடாமல் தடுக்கிறது. பரவிய நோயில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது சராசரி ஆயுள் 40.8 மாதத்திலிருந்து 56.5 மாதமானது. லப்பாட்டினிப், டுகாட்டினிப் போன்ற மாத்திரைகள் செல்லுக்குள் புகுந்து வாலைப் பிடிக்கின்றன. இன்னொரு வகை, எதிர்ப்பொருளின் முதுகில் கீமோ மருந்தைக் கட்டி அனுப்புவது. ஹெர்2வைப் பிடித்துக்கொண்டே செல்லுக்குள் போய் அங்கே சுமையை இறக்கிவிடும்.

ஒரு வருடம் போட்டே ஆக வேண்டுமா?

ஆரம்ப நிலை நோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று ஒரு வருடம் என்பதே இன்றைய வழக்கம். இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. பிரிட்டனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆறு மாதத்தையும் ஒரு வருடத்தையும் ஒப்பிட்டார்கள். நான்கு வருட முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 89.4 சதவீதம், 89.8 சதவீதம். வித்தியாசம் மிகச் சிறிது. ஆனால் பிரான்ஸில் நடந்த ஆய்வு ஆறு மாதம் போதும் என்று நிரூபிக்கவில்லை. அதனால்தான் டாக்டர்கள் ஒரு வருடத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பணம் தீர்ந்துபோய் ஐந்தாறு ஊசியோடு டாக்டரிடம் சொல்லாமலே நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். நிற்பதற்கு முன் மனம்விட்டுப் பேசுங்கள். அவருக்கு வழிகள் தெரியும்.

மார்பகத்துக்கு வைத்தியம், இதயத்துக்கு எதற்கு எக்கோ?

மேலே எலிகளின் கதையைச் சொன்னது இதற்காகத்தான். மருந்துக்குக் கட்டியின் ஹெர்2 எது, இதயத்தின் ஹெர்2 எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

முதல் பெரிய ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. ஆன்த்ராசைக்ளின் வகைக் கீமோ மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கு இதயம் பலவீனமானது. அதோடு டிராஸ்டுசுமாப்பையும் ஒரே நேரத்தில் பெற்றவர்களில் அது 27 சதவீதம். ஆன்த்ராசைக்ளின் இதயத்தசையைக் காயப்படுத்துகிறது. காயத்திலிருந்து மீள உதவும் ஹெர்2வை இன்னொரு மருந்து அதே நேரத்தில் கட்டிப்போட்டுவிடுகிறது. இப்போது இரண்டையும் ஒன்றாகக் கொடுப்பதைத் தவிர்த்து, ஒன்று முடிந்த பிறகே மற்றதைத் தொடங்குகிறார்கள், அல்லது ஆன்த்ராசைக்ளின் இல்லாத கீமோவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதனால் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆறுதலான விஷயம், டிராஸ்டுசுமாப்பால் மட்டும் வரும் பலவீனம் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். மருந்து தொடங்குமுன் ஒரு எக்கோ, பிறகு சுமார் மூன்று மாதத்துக்கு ஒன்று. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். மாடிப்படி ஏறினால் புதிதாக மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, இவற்றைக் கீமோ அசதி என்று விட்டுவிடவும் கூடாது. பழைய எக்கோ ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வையுங்கள். இதயம் ரத்தத்தை எவ்வளவு தள்ளுகிறது என்று அதில் ஒரு எண் இருக்கும். ஒரு தடவை வந்த எண்ணைவிட, அது தடவைக்குத் தடவை இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

சிகிச்சையின்போது கர்ப்பமானால்?

ஆகக் கூடாது. கருவின் சிறுநீரகத்திலும் ஹெர்2 இருப்பதாகச் சொன்னேன் அல்லவா? குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீரில் பெரும்பகுதி அதன் சிறுநீர்தான். மருந்து போய்ச் சேர்ந்தால் அந்த நீர் வற்றி, நுரையீரல் வளர்ச்சி கெட்டுக் குழந்தைக்கே ஆபத்தாகும். சிகிச்சை நடக்கும்போதும், கடைசி டோஸுக்குப் பிறகு ஏழு மாதமும் கருத்தடை அவசியம். எந்த முறை ஏற்றது என்று டாக்டரிடம் கேளுங்கள்; ஹார்மோன் மாத்திரை பொதுவாக இவர்களுக்குக் கூடாது. பின்னாளில் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் கீமோ தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

முடி கொட்டுமா?

கூடவே கொடுக்கும் கீமோவால் கொட்டும். டிராஸ்டுசுமாப் மட்டும் தொடரும் மாதங்களில் முடி திரும்ப வளரும். முதல் டோஸில் குளிர், காய்ச்சல் வருவது சகஜம்; அதனால்தான் முதல் முறை மெதுவாக ஏற்றி, கூடுதல் நேரம் உட்கார வைக்கிறார்கள்.

விலை குறைந்த கம்பெனி மருந்தை நம்பலாமா?

நம்பலாம். இவற்றுக்கு பயோசிமிலர் என்று பெயர். இந்தியாவில் பயோகான் நிறுவனத்தின் டிராஸ்டுசுமாப் 2014இல் விற்பனைக்கு வந்தது. அதே மருந்துதான் 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் டிராஸ்டுசுமாப் பயோசிமிலர். உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே டிராஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில், உங்கள் அட்டையில் இந்த மருந்து வருமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வெளியே வாங்கி எடுத்துப் போவதானால் இரண்டு விஷயம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பாக்ஸ் இல்லாமல் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். பிறகு, பெயரை முழுதாகப் படியுங்கள். டிராஸ்டுசுமாப், டிராஸ்டுசுமாப் எம்டான்சின், டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் மூன்றும் வேறு வேறு மருந்து, டோஸும் வேறு. மாற்றிப் போட்டால் உயிருக்கே ஆபத்து. கம்பெனிப் பெயரையும் பேட்ச் எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்ல பழக்கம்.

'ஹெர்2 லோ' என்று புதிதாகச் சொல்கிறார்களே?

1+ வந்தவர்கள், அல்லது 2+ வந்து ஃபிஷ்ஷில் நெகட்டிவ் ஆனவர்கள். முன்பு இவர்களை நெகட்டிவ் என்று ஒரே கூடையில் போட்டுவிடுவோம். கீமோவைச் சுமந்து செல்லும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகானுக்கு ஹெர்2 வளர்ச்சிக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை, பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் இருந்தால் போதும். பரவிய நோயில் இவர்களுக்கும் அது பலன் தருவது 2022இல் உறுதியானது. அதனால் ரிப்போர்ட்டில் வெறும் 'நெகட்டிவ்' என்று இருந்தால் 0வா, 1+ஆ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எனக்கும் இந்த மெல்லிய அரை வளையங்களைப் பார்க்கும் பொறுப்பு முன்னைவிடக் கூடிவிட்டது.

மார்பகத்தில் மட்டும்தானா?

இரைப்பைப் புற்றுநோயில் ஐந்தில் ஒருவருக்கு அருகில் ஹெர்2 மிகுதி இருக்கிறது. 2010 முதல் அங்கும் டிராஸ்டுசுமாப் பயன்படுகிறது. நுரையீரலில் கதை வேறு: சில பேருக்கு எண்ணிக்கை கூடாமல் மரபணுவிலேயே எழுத்துப்பிழை இருக்கும். பித்தநாளம், கருப்பை, பெருங்குடல் கட்டிகளிலும் சிலவற்றில் உண்டு. எந்த உறுப்பாக இருந்தாலும் 3+ வந்து, வேறு வழி இல்லாத நிலையில் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் தரலாம் என்று 2024இல் அமெரிக்கா அனுமதித்தது.

அம்மாவுக்கு ஹெர்2 பாசிட்டிவ். எனக்கும் வருமா?

ஹெர்2 பெருக்கம் கட்டியின் செல்லில் மட்டும் நடந்தது. கருமுட்டை வழியாக மகளுக்கு வருவதில்லை. குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில், மார்பக அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் மட்டும் பிராகா போன்ற பரம்பரை மரபணுக்களைச் சோதிப்பது பற்றிக் கேளுங்கள்.

சாப்பாட்டில் ஹெர்2வைக் குறைக்க முடியுமா?

முடியாது. புரதம் என்ற பெயரைப் பார்த்து முட்டை, பருப்பு, மீனை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டுக்கொள்ளும் மாதங்களில் உடம்புக்கு அவை மிகவும் தேவை. தாராளமாகச் சாப்பிடுங்கள்.

நோய் திரும்பி வந்தால் மறுபடி ஹெர்2 பார்க்க வேண்டுமா?

ஊசி எட்டும் இடமாக இருந்தால் பார்க்கத்தான் வேண்டும். பாசிட்டிவாக இருந்தது நெகட்டிவாகவோ, நெகட்டிவ் பாசிட்டிவாகவோ சிலருக்கு மாறிவிடுகிறது. "அதான் போன தடவை எடுத்தாங்களே" என்று பயாப்சியை மறுக்காதீர்கள்.

இன்னொரு டாக்டரிடம் காட்ட நினைக்கிறேன். எதை எடுத்துப் போவது?

ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள். பிளாக் இருந்தால் அந்த ஊர் லேபில் புதிதாகச் சீவி ஹெர்2வைத் திரும்பப் பார்க்க முடியும், உங்களுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கூண்டின் ஓரத்தில் பென்சிலில் எழுதிய எண்ணும் ரிப்போர்ட்டின் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று கவுண்டரிலேயே சரிபார்த்து வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் மெழுகு இளகும். கார் டேஷ்போர்டிலோ பைக் டேங்க் கவரிலோ வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பிளாக்கைத் திருப்பி எங்களிடமே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், பத்திரமாக வைத்திருப்போம்.